மேனேஜ்மென்டிடம் 3 லட்சம் கேட்கப் போகும் குழுவுக்கு

தொழிற்சாலையில் காற்றுக் குழாய் கசிகிறது என்பது மெயின்டனன்ஸ் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். அதைச் சரிசெய்யப் பணம் கேட்டு நாலு பேர் எம்.டி. முன் போய் நின்றால், பாதிக் குழுக்கள் வெறுங்கையோடு திரும்பும். கசிவு பொய் என்று அங்கே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கேட்டது என்ன என்று புரிந்திருக்காது, அல்லது கணக்கில் ஓர் ஓட்டை அகப்பட்டிருக்கும். கம்ப்ரஸர், அதாவது காற்றை அழுத்திக் குழாய்க்கு அனுப்பும் மெஷின்; அந்த லைனின் கசிவையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். வேறு எதற்குக் கேட்டாலும் முறை இதுதான்.

முதல் வேலை, கேட்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுவது. "கசிவைக் குறைக்க நிர்வாகம் ஆவன செய்ய வேண்டும்" என்பதற்கு யாரும் கையெழுத்துப் போட முடியாது. "ஃபிட்டிங், ஹோஸ், வால்வு மாற்ற 3.2 லட்சம் ரூபாயும், இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஷட்டவுனும் வேண்டும்" என்றால் போட முடியும். இந்த வாக்கியம் எழுதி முடியும்வரை லேப்டாப்பைத் திறக்காதீர்கள்.

அடுத்தது கணக்கு. பெரும்பாலான குழுக்கள் கவிழ்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். உற்பத்தி இல்லாத நாளில், காற்றைப் பயன்படுத்தும் மெஷின்களையெல்லாம் நிறுத்திவிட்டு, கம்ப்ரஸரை மட்டும் வழக்கமான பிரஷரில் ஓட விடுங்கள். லோடில் (காற்றை அழுத்தி அனுப்பும்போது) எத்தனை நிமிடம், அன்லோடில் (அழுத்தாமல் சும்மா சுற்றும்போது) எத்தனை நிமிடம் என்று ஸ்டாப்வாட்சில் நாலைந்து சுற்று எடுத்துச் சராசரி பாருங்கள். லோடு நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் கசிவு விகிதம். 2 நிமிடம் லோடு, 4 நிமிடம் அன்லோடு என்றால் 33 சதவீதம் வீண். நன்றாகப் பராமரித்த லைனில் இதை 10 சதவீதத்துக்குக் கொண்டுவரலாம்.

45 கிலோவாட் கம்ப்ரஸர், ஆண்டுக்கு 7,200 மணி நேரம் ஓட்டம் என்று கொள்ளுங்கள். 33 சதவீதம் 10 ஆகக் குறைந்து 23 சதவீதம் மிச்சம் என்றால் சுமார் 74,500 யூனிட். கரன்ட் பில் மொத்தத்தை யூனிட்டால் வகுத்து 8.50 ரூபாய் என்று எடுத்து, ஆண்டுக்கு 6.3 லட்சம் மிச்சம் என்று பெரிய எழுத்தில் ஸ்லைடில் போடுவார்கள். இதில் இரண்டு தப்பு. ஒன்று, மிச்சமாகும் நேரத்தில் கம்ப்ரஸர் நிற்பதில்லை, அன்லோடில் ஓடும்; அப்போதும் லோடில் இழுப்பதில் கிட்டத்தட்ட 30 சதவீத மின்சாரத்தை இழுக்கும், ஆக உண்மையான மிச்சம் 52,000 யூனிட்தான். இரண்டு, ஹெச்.டி. (உயரழுத்த மின்இணைப்பு) பில்லில் டிமாண்ட் சார்ஜ், அதாவது உச்சத் தேவைக்கான கட்டணம், தனி. அன்லோடு நேரம் கூடுவதால் மட்டும் அது குறைந்துவிடாது. யூனிட்டுக்கான எனர்ஜி சார்ஜை மட்டும், 7.50 என்று எடுத்தால் மிச்சம் 3.9 லட்சம். போட்ட பணம் 10 மாதத்தில் திரும்பும்.

6.3 கவர்ச்சியாக இருக்கிறதே என்று தோன்றும். ஃபைனான்ஸ் மேனேஜர் "அன்லோடு பவரைக் கழிச்சீங்களா?" என்று கேட்ட நிமிடமே மற்ற எல்லா எண்களும் சந்தேகத்துக்கு ஆளாகும். 3.9 தாங்கும். கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பே அக்கவுன்ட்ஸில் ஒருவரிடம் கணக்கைக் காட்டி, யூனிட் ரேட்டை அவர் வாயாலேயே வாங்கிவிடுங்கள். கூட்டத்தில் "ரேட் எங்கே பிடிச்சீங்க?" என்ற கேள்வி வந்தால் அவரே பதில் சொல்வார். புரொடக்ஷன் மேனேஜரையும் முன்கூட்டியே பாருங்கள். ஷட்டவுன் அவருடைய ஞாயிற்றுக்கிழமை. அதைக் கூட்டத்தில்தான் முதல்முறையாகக் கேள்விப்படுகிறார் என்றால் எதிர்ப்பு நிச்சயம்.

15 நிமிடம் கொடுத்தால் 9 நிமிடம் பேச, 6 நிமிடம் கேள்விக்கு. நாலு பேரும் சமமாகப் பேச வேண்டும் என்ற ஆசையை விடுங்கள், அது பள்ளி ஆண்டுவிழா நியாயம். முதல் ஆள் கேட்பதைச் சொல்லி, கசிவைக் காட்டுகிறார்: 3 நிமிடம். இரண்டாமவர் கணக்கு: 4 நிமிடம். மூன்றாமவர் கொட்டேஷன், ஷட்டவுன் திட்டம், முடிவாக மறுபடி அதே வாக்கியம்: 2 நிமிடம். நாலாமவர் பேசுவதில்லை. லேப்டாப், நேரம், வரும் கேள்விகளைக் குறிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. குழுவில் ஆகக் கூர்மையான ஆளுக்கு இந்த வேலையைக் கொடுப்பது வீண் இல்லை.

ஆள் மாறும் இடத்தில்தான் தொய்வு விழும். "அடுத்து நம்ம குமார் பேசுவார்" என்று சொல்லிவிட்டு இருவரும் ரிமோட்டை மாற்றிக்கொண்டு நிற்பதற்குள் எம்.டி. போனை எடுத்துவிடுவார். அதற்குப் பதில், முதல் ஆளின் கடைசி வரி ஒரு கேள்வியாக இருக்கட்டும்: "சார், மூணில ஒரு பங்கு காத்து வெளியே போகுது. இது எவ்வளவு ரூபா?" இரண்டாமவர் நின்ற இடத்திலிருந்தே எண்ணைச் சொல்லித் தொடங்கலாம். ஒத்திகையில் நேரம் குறைவாக இருந்தால் ஆள் மாறும் இந்த இரண்டு இடங்களையும் முதல் வரியையும் மட்டுமாவது பத்துத் தடவை பாருங்கள். முழு ஒத்திகை, ஸ்டாப்வாட்ச் வைத்து, மூன்று முறை போதும்.

ஸ்லைடு ஆறு போதும். எழுத்து 28 பாயின்டுக்குக் கீழே வேண்டாம். தமிழில் போடுவதென்றால் யூனிகோடு எழுத்துரு மட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை மீட்டிங் ரூம் கணினியில் திறந்தால் அது இருக்காது, வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். பி.டி.எஃப். பிரதி ஒன்று பென் டிரைவில் இருக்கட்டும். ப்ரொஜெக்டர் பழசாக இருந்தால் வி.ஜி.ஏ. கன்வெர்ட்டரும் கையோடு போக வேண்டும்.

எந்த ஸ்லைடையும்விட வேலை செய்வது மேஜையில் வைக்கும் பொருள்தான். கழற்றிய ஒரு பழைய புஷ் ஃபிட்டிங்கை, உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) வெடித்திருப்பது தெரியும்படி, எம்.டி. கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். சோப்புத் தண்ணீர் தெளித்த குழாய் மூட்டில் நுரை பொங்கும் 10 வினாடி வீடியோ ஒன்று. 3 மி.மீ. ஓட்டை ஒன்றே 7 பார் பிரஷரில் சுமார் 3 கிலோவாட்டைத் தின்னும் என்று அந்த நேரத்தில் சொன்னால் பதியும்.

கேள்வி நேரத்தில் ஒரே விதி: யார் பதில் சொல்வது என்பதை மூன்றாமவர் மட்டும் முடிவு செய்வார், பதில் ஒருவர் வாயிலிருந்துதான் வரும். "நான் ஒண்ணு சேர்த்துச் சொல்றேன் சார்" என்று இன்னொருவர் நுழைந்தால், முதல் பதில் போதவில்லை என்றுதான் அறைக்குப் படும். எதிர்பார்க்க வேண்டிய கேள்விகள்: போன வருஷம் மாத்தினோமே, ஏன் மறுபடி? நீங்களே செய்ய முடியாதா? பாதிப் பணத்தில் எவ்வளவு ஆகும்? கடைசிக் கேள்விக்குத் தயாராக ஒரு பதில் இல்லாமல் உள்ளே போகாதீர்கள். பெரிய கசிவுகள் உள்ள லைனை முதலில் முடிக்க ஆகும் தொகையைத் தனியாக வைத்திருங்கள். பதில் தெரியாவிட்டால் "நாளைக்கு மாலைக்குள்ள எழுதித் தர்றோம் சார்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள்; நாலாமவர் அதைக் குறித்துக்கொள்ளட்டும்.

"பார்க்கலாம்" என்று சொன்னால் சிரித்துவிட்டு வெளியே வந்துவிடாதீர்கள். "எந்தத் தேதிக்குள்ள சொல்வீங்க சார், கொட்டேஷன் 30 நாளுக்குத்தான் செல்லும்" என்று மரியாதையாகக் கேட்டு, அந்தத் தேதியோடு அன்று மாலையே ஒரு பக்க மெயில் அனுப்பிவிடுங்கள்.