சாயப்பட்டறையின் தண்ணீர்க் கணக்கு: என் அனுபவம்

திருப்பூரில் நாங்கள் நடத்தும் சாயப்பட்டறையின் நீர்த்தடத்தை, அதாவது ஒரு பொருளை உருவாக்க மொத்தம் செலவாகும் தண்ணீரின் அளவை, கேட்டு ஏற்றுமதியாளர் ஒருவர் படிவம் அனுப்பியபோது, எங்கள் கையில் இருந்தவை லாரித் தண்ணீர் ரசீதுகளும் சுத்திகரிப்பு நிலையத்தின் மாத பில்லும் மட்டுமே. ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலக சராசரியாக ஏறத்தாழ 10,000 லிட்டர் செலவாகிறது. அதில் பெரும்பங்கு வயலிலேயே போய்விடுவதால், சாயமிடுவோரின் பங்கு சிறியதுதான். ஆனால் நொய்யல் ஆற்றைக் கெடுத்ததும், 2011-இல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதும் அந்தச் சிறிய பங்கு சாயக்கழிவாக வெளியேறியதால்தான்.

ஒவ்வொரு மெஷினின் நுழைவுக் குழாயிலும் மீட்டர் பொருத்தி, பேட்ச் அட்டையில் துணியின் எடைக்குப் பக்கத்திலேயே அளவை எழுதவைத்தோம். சாயமேற்றுவதைவிட அலசுவதற்கே தண்ணீர் அதிகம் போவது தெரிந்தது. அதிலும், துணியை வெளுத்த பின், வெளுக்கப் போட்ட பெராக்சைடு போகும்வரை வழியவிட்டு அலசியதற்கே முதலிடம். இப்போது கேட்டலேஸ் என்சைம் போட்டுப் பெராக்சைடைச் சிதைத்து, அதே தண்ணீரிலேயே சாயத்தைத் தொடங்குகிறோம். சோதனைத் தாள் நீலமாக மாறினால் பெராக்சைடு இன்னும் இருக்கிறது என்று பொருள்; காத்திருக்க வேண்டும். மிச்சப் பெராக்சைடு, பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தை வெளிறச் செய்து, துணியைத் திட்டுத்திட்டாக்கிவிடும்.

குளிர்விக்கப் பயன்படும் தண்ணீர் சுத்தமாகவும் சூடாகவும் வெளிவருவதால், அதைத் தனித் தொட்டியில் பிடித்து அடுத்த பேட்சின் சுடுநீர் அலசலுக்குத் திருப்பினோம். பாய்லர் விறகும் மிச்சமாகிறது. கருப்பு, நேவி போன்ற அடர்நிறங்களில் மட்டும் அலசலைக் குறைக்க வழியில்லை. குறைத்தால், துவைக்கும்போது துணி சாயம் விடும்.