ஒரே ஒரு கருநீல சூட்டை எத்தனை விதமாக அணியலாம்? முதல்முறை வாங்குபவர்களுக்கான செய்முறை

நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்கு முதல் சூட் வாய்ப்பது இரண்டு காரணங்களால்தான்: வேலைக்கான நேர்காணல், இல்லையென்றால் கல்யாண வரவேற்பு. அந்த ஒரு நாளோடு அது பீரோவுக்குள் போய்விடும். மூன்று வருடம் கழித்து எடுத்துப் பார்த்தால் உடம்பு மாறியிருக்கும், லைனிங்கில் பூஞ்சை படிந்திருக்கும். பல ஆயிரம் ரூபாய் போட்டு வாங்கிய நல்ல துணி இப்படி வீணாவதைப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை. சரியாகத் தேர்ந்தெடுத்தால், சட்டை, டை, ஷூ மூன்றை மட்டும் மாற்றி ஒரே சூட்டை நான்கைந்து விதமாக அணியலாம்.

முதல் படி: நிறமும் துணியும்

கருநீலம் வாங்குங்கள். கோடு, கட்டம், பளபளப்பு எதுவும் வேண்டாம். ஒற்றை வரிசையில் இரண்டு பட்டன் போதும். கடையில் முதலில் கறுப்பைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் பகல் வெளிச்சத்தில் கறுப்புக் கோட் நமக்கு நீதிமன்றத்தையும் ரயில் டிக்கெட் பரிசோதகரையும் நினைவூட்டிவிடுகிறது. பழுப்பு ஷூவுடனும் அது சேராது. கருநீலம் காலைக்கும் பொருந்தும், இரவுக்கும் பொருந்தும், நம் நிறத்துக்கும் எடுப்பாக இருக்கும்.

கம்பளி என்றதும் ஸ்வெட்டரை நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். மெல்லிய கம்பளித் துணி காற்றை உள்ளே விடும். முழு பாலியெஸ்டர் வியர்வையை உள்ளேயே அடைத்து வைக்கும். துணியை வாயருகே பிடித்து ஊதிப் பாருங்கள். மறுபக்கம் வைத்த உள்ளங்கையில் காற்று பட்டால் அது சென்னைக்கு ஏற்ற துணி. 'சூப்பர் 100', 'சூப்பர் 120' என்று துணியின் ஓரத்தில் அச்சிட்டிருப்பது கம்பளி இழையின் நுண்மையைக் குறிக்கிறது, கனத்தை அல்ல. எண் கூடக்கூட இழை மெலிதாகும், விலை ஏறும், சீக்கிரம் கசங்கவும் செய்யும். முதல் சூட்டுக்கு 100 முதல் 120 வரை தாராளம். தைக்கக் கொடுப்பதானால், 150 சென்டிமீட்டர் அகலத் துணியில் சுமார் 3 மீட்டர் தேவைப்படும். முதுகில் பாதி லைனிங் மட்டும் வைக்கச் சொல்லுங்கள். வெயில் காலத்தில் அதன் அருமை தெரியும்.

இரண்டாம் படி: தோள்

மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். இடுப்பைப் பிடிக்கலாம், கையைக் குறைக்கலாம், பேண்ட் நீளத்தை வெட்டலாம். தோளைப் பிரித்துத் தைப்பது மட்டும் பெரிய வேலை. என் முதல் கோட்டின் தோள் இரண்டு பக்கமும் அரை அங்குலம் அதிகம். "போடப் போடச் சரியாகிவிடும் சார்" என்றார் கடைக்காரர். அது சரியாகவே இல்லை. பிறகு வேறொரு கடையின் கட்டிங் மாஸ்டர் அதைக் கையில் வாங்கி, தோள் தையலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதைப் பிரிக்கிற கூலிக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புதுசே தைத்துவிடலாம்" என்றார்.

ஆகவே டிரையல் அறையிலேயே சோதித்துவிடுங்கள். கோட்டை மாட்டிக்கொண்டு சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நின்று மெல்லச் சாயுங்கள். உங்கள் கை சுவரில் படுவதற்கு முன்பே தோளின் பஞ்சு மடங்கினால், கோட் பெரிது. அடுத்து மேல் பட்டனைப் போடுங்கள். வயிற்றின் குறுக்கே பெருக்கல் குறிபோல் சுருக்கம் விழுந்தால் இறுக்கம். கழுத்தின் பின்புறம் சட்டைக் காலருக்கும் கோட்டுக்கும் நடுவே இடைவெளி தெரியக் கூடாது. கையைத் தொங்கவிட்டால் கோட்டின் கை ஓரத்தில் சட்டை ஒரு சென்டிமீட்டர் அளவு எட்டிப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் படி: நூலைப் பிரியுங்கள்

புதுக் கோட்டின் பின்பக்கப் பிளவில் பெருக்கல் குறிபோல ஒரு வெள்ளை நூல் தைத்திருப்பார்கள். அது கடைக்கு வரும் வழியில் துணி கலையாமல் இருக்கப் போட்டது. சிறிய கத்தரியால் நடுவில் வெட்டி உருவிவிடுங்கள். கையில் ஒட்டியிருக்கும் நிறுவன அடையாளத் துணியையும் எடுத்துவிட வேண்டும். பட்டனில் கீழே உள்ளதை ஒருபோதும் போடாதீர்கள். நிற்கும்போது மேல் பட்டன் மட்டும். உட்காரும்போது அதையும் கழற்றிவிடுங்கள்.

நான்காம் படி: நேர்காணலுக்கு

வெள்ளை முழுக்கைப் பருத்திச் சட்டை, அடர் சிவப்பு அல்லது கருநீலத்தில் வெற்று டை, கயிறு கட்டும் கறுப்பு ஷூ, அதே கறுப்பில் பெல்ட். இதற்கு மேல் எதையும் சேர்க்காதீர்கள். அந்த அறையில் நீங்கள் பேசுவது கவனிக்கப்பட வேண்டும்.

டை கட்ட எளிய முடிச்சு ஒன்று போதும். காலரைத் தூக்கி, அகன்ற முனை வலப்பக்கம், குறுகிய முனையைவிட ஓர் அடி கீழே தொங்குமாறு போடுங்கள். அகன்றதைக் குறுகியதன் மேலே குறுக்காகக் கொண்டுவந்து, அடியில் விட்டு, மறுபடி முன்பக்கமாக ஒரு சுற்று. இப்போது கழுத்து வளையத்தின் அடியிலிருந்து மேலே எடுத்து, முன்னால் உருவான சுற்றுக்குள் நுழைத்துக் கீழே இழுங்கள். முடிச்சை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு மெல்ல மேலே ஏற்றுங்கள். முனை பெல்ட்டின் கொக்கியைத் தொட்டு நிற்க வேண்டும். முதல் மூன்று தடவை நீளம் தவறும். முந்தின நாள் இரவே பழகிக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் போகும்போது கோட்டைப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒரு தோளை மட்டும் உள்வெளியாகத் திருப்பி, மற்றத் தோளை அதற்குள் நுழைத்து, லைனிங் வெளியே தெரிய நீளவாக்கில் மடித்துக் கையில் போட்டுக்கொண்டு போங்கள். இறங்கியபின் மாட்டினால் கசங்கல் இருக்காது.

ஐந்தாம் படி: வரவேற்புக்கு

மாப்பிள்ளைக்கும் இதே சூட் போதும். தந்த நிறம் அல்லது வெள்ளைச் சட்டை, பட்டு டை. மணப்பெண்ணின் புடவை நிறத்தை அப்படியே டையில் கொண்டுவர வேண்டாம். அதைவிட ஒரு படி அடர்த்தியாக எடுங்கள். புடவை ரோஜா நிறம் என்றால் டை ஒயின் நிறம். மேல் பாக்கெட்டில் வெள்ளைக் கைக்குட்டை வையுங்கள். டையும் கைக்குட்டையும் ஒரே துணியில் சேர்த்து விற்பதை நான் வாங்கவே மாட்டேன், அது சீருடைபோல் ஆகிவிடுகிறது.

நம் ஊர் வரவேற்பில் கோட்டுக்கு உண்மையான ஆபத்து பூமாலைதான். வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்தே கொண்டுவருவார்கள். கழுத்தில் ஏறும் முன் நண்பர் ஒருவர் அதை நன்றாக உதறி, பின்பக்கத்தை ஒரு துண்டால் ஒற்றி எடுக்கட்டும். சந்தனம் பட்டுவிட்டால் ஈரத்தோடு தேய்க்காதீர்கள். காயவிட்டு நகத்தால் பெயர்த்து, பிரஷ் போடுங்கள். பந்திக்குப் போகும்போது கோட்டைக் கழற்றி யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

தேவாலயத் திருமணத்தில் பகலிலேயே சூட்தான் மாப்பிள்ளையின் உடை. அங்கே வெள்ளி நிற டை அழகு. கோட்டின் இடது மார்பு மடிப்பில் சிறு துளை திறந்திருந்தால், பூச் செருக அதுவே இடம்.

ஆறாம் படி: இரவு விருந்துக்கு

டையை விட்டுவிடுங்கள். வெளிர் நீலச் சட்டை, மேல் பட்டன் மட்டும் திறந்து. பழுப்பு ஷூ, பழுப்பு பெல்ட். காலர் விறைப்பாக நிற்க வேண்டும், உள் பனியன் தெரியக் கூடாது.

ஏழாம் படி: பிரித்து அணிதல்

கோட்டை மட்டும் வெளிர் பழுப்பு காட்டன் பேண்ட்டுடன் போடலாம். அலுவலகத்துக்கு நன்றாக இருக்கும். பளபளப்பு இல்லாத துணி வாங்கச் சொன்னது இதற்காகத்தான். சூட் பேண்ட்டை மட்டும் காலர் வைத்த வெள்ளை டி-ஷர்ட்டுடன் போடலாம். பேண்ட்தான் முதலில் தேயும், ஆகவே தைக்கும்போதே ஒரே துணியில் இரண்டு பேண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். சலவைக்குக் கொடுத்தால் கோட்டும் பேண்ட்டும் ஒன்றாகவே போக வேண்டும், இல்லையென்றால் நிறம் வேறுபட்டுவிடும்.

எட்டாம் படி: பராமரிப்பு

போட்டுக் கழற்றியதும் பீரோவுக்குள் வைக்காதீர்கள். அகலத் தோள் கொண்ட மர ஹேங்கரில் மாட்டி, ஓர் இரவு மின்விசிறிக் காற்றில் விடுங்கள். அடிக்கடி டிரை கிளீனிங் செய்தால் துணி உயிரிழக்கும். கறை, வாடை இல்லாதபோது பிரஷ் போதும். இஸ்திரி போடுவதென்றால் மேலே ஈர வேட்டித் துணி விரித்துத்தான். கடை கொடுத்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டுப் பருத்தி உறை போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரம் ஒருமுறை வெளியே எடுத்து, அக்குள் பக்கமும் காலரின் அடிப்பக்கமும் தொட்டுப் பாருங்கள். பூஞ்சை முதலில் பிடிப்பது அங்கேதான்.