பூங்காவுக்கு இடம் கேட்குமுன் பட்டாவைப் பாருங்கள்

காலியாக ஒரு திடல் கண்ணில் பட்டதும் குடியிருப்போர் சங்கங்கள் முதலில் செய்வது கையெழுத்து வேட்டை. பூங்கா வேண்டும், நாடகம் போட ஒரு அரங்கம் வேண்டும் என்று கவுன்சிலரிடம் மனு போகும். அந்த நிலம் யாருடையது என்று மட்டும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சென்னையில் ஆளில்லாத நிலம் உண்டு, உரிமையாளர் இல்லாத நிலம் கிடையாது. ஏரிப் புறம்போக்கு என்றால் அங்கே மேடை கேட்பதே வம்பு. கோயில் நிலம் என்றால் போக வேண்டிய வாசலே வேறு.

ஓரளவு கைகூடக்கூடியது லே-அவுட்டில் ஒதுக்கிய திறந்தவெளி, அதாவது ஓ.எஸ்.ஆர். நிலம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலத்துக்குப் பதில் பணம் கட்டவும் வழியுண்டு. ஆகவே எல்லா நகரிலும் பூங்கா இடம் இருந்தே தீரும் என்று நினைக்காதீர்கள்.

பலர் கோட்டைவிடுவது இங்கேதான். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) ஒப்புதல் வரைபடத்தில் 'பூங்கா' என்று இருந்தாலே போதும் என்று நம்பிவிடுகிறார்கள். தானப் பத்திரம் பதிவாகியும் பட்டா மட்டும் மனை போட்டவர் பெயரிலேயே கிடப்பது உண்டு. கொஞ்ச காலம் கழித்து வாரிசுகள் அதைக் கூறுபோட்டு விற்பார்கள், மூலையில் ஒரு ஷெட் முளைக்கும். வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சர்வே எண்ணை உட்பிரிவு வரை ஒத்துப் பாருங்கள். தானப் பத்திர நகல் கிடைக்கவில்லையா, தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பட்டா மாறவில்லை என்றால், மாற்றச் சொல்வதுதான் உங்கள் முதல் மனு. பூங்கா அப்புறம்.

சரி, அரங்கம்? கூரை, நாற்காலி, கிரீன் ரூம் என்று எழுதிக் கொடுத்தால் ஃபைல் அங்கேயே நிற்கும். ஓ.எஸ்.ஆர். நிலம் பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் விட்டது, கட்டடத்துக்கு அல்ல. ஒரு திண்ணை, எதிரே புல்தரை என்று கேளுங்கள். மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் மைக்கே இல்லாமல் கச்சேரி நடக்கிறது. தெருக்கூத்துக்குக் கூரை எதற்கு?

சங்கத்தைப் பதிவு செய்யாமல் வாட்ஸ்அப் குழுவாகவே அலுவலகத்துக்குப் போவதும் தவறுதான். பதிவுக்கு ஏழு பேர் போதும். பணத்துக்கு அரசின் 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்காவது மக்கள் பங்களிப்பு வேண்டும், அந்த வசூலை மனு கொடுக்கும்போதே தொடங்கிவிடுங்கள்.