பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மினுக்கியது: என் அனுபவம்

கோத்தகிரியில் வீட்டிலேயே டூரிங் பைக்கை மூன்று சக்கர வண்டியாக மாற்றிய பின், பிரேக்கை மிதித்தால் பின் விளக்கு மங்கலாக எரிந்ததோடு முன் இண்டிகேட்டர்களும் லேசாக ஒளிர்ந்தன. பிரேக் சுவிட்ச், ஃபிளாஷர், பல்புகள் என ஒவ்வொன்றாக மாற்றியும் பலனில்லை. இணைப்பு தொடர்கிறதா என்று பார்க்கும் சோதனையில் மல்டிமீட்டர் 'பீப்' ஒலி எழுப்பியதால் எர்த் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி) சரியாக இருப்பதாகவே தோன்றியது. ஆனால் அந்தச் சோதனையில் பாயும் மின்னோட்டம் மிகச் சொற்பம். பிரேக்கை மிதித்தபடியே, விளக்கின் எர்த்துக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே அளந்தபோது, கிட்டத்தட்ட பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் 5 வோல்ட் காட்டியது. எர்த் வளையம் புதுச் சட்டத்தின் பவுடர் கோட்டிங் (மின்சாரம் கடத்தாத பெயிண்ட் பூச்சு) மேலேயே உட்கார்ந்திருக்க, போல்ட்டின் மரை மட்டும் உலோகத்தைப் பட்டும் படாமலும் தொட்டுக்கொண்டிருந்ததால், திரும்ப வழியில்லாத மின்சாரம் இண்டிகேட்டர் வழியாகச் சுற்றிப் போயிருக்கிறது. பெயிண்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு, பேட்டரிக்கு நேராகத் தனி வயர் இழுத்ததும் கோளாறு நின்றது, அப்பாடா என்றிருந்தது. இங்குள்ள மூடுபனிக்கு அந்த இணைப்பில் வாசலின் தடவுவதும் அவசியம்.