பேஜ் நகரில் போன் நேரம் மாறினால்: என் அனுபவம்

ஜூனில் நானும் மனைவியும் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சயான், ப்ரைஸ் கேன்யன் என்ற இரண்டு தேசியப் பூங்காக்களையும் பார்த்துவிட்டு, அங்கிருந்து பக்கத்து மாநிலமான அரிசோனாவின் பேஜ் நகருக்குக் காரில் போனோம். அங்கே என் போனைவிட அவள் போன் ஒரு மணி நேரம் முன்னே காட்டியது. மறுநாள் காலை ஆன்டலோப் கேன்யன் என்ற குறுகிய பாறைப் பள்ளத்தாக்குக்கு முன்பதிவு. வழிகாட்டி இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள் என்பதால் நேரம் தவறக் கூடாது.

கோடையில் யூட்டா கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளுகிறது. அரிசோனா 1968 முதல் அப்படிச் செய்வதில்லை. ஆனால் அரிசோனாவுக்குள்ளேயே இருக்கும் நவாஹோ பழங்குடி மக்களின் நிலம் செய்கிறது. அவர்கள் நிலம் மூன்று மாநிலங்களில் பரவியிருப்பதால் எனக்கு அது நியாயமாகவே படுகிறது. பேஜ் இந்த எல்லைகளை ஒட்டி இருப்பதால், போன் பிடிக்கும் சிக்னலைப் பொறுத்து நேரமும் தாவுகிறது. ஆன்டலோப் இருப்பது நவாஹோ நிலத்தில், ஆனால் சுற்றுலா நடப்பது அரிசோனா நேரப்படி.

இரண்டு போனிலும் செட்டிங்ஸில் தானியங்கி நேரத்தை அணைத்து, ஃபீனிக்ஸ் நகரத்தைத் தேர்ந்தெடுத்தோம். அலாரம் அதற்கு அப்புறம்தான் வைத்தோம். காலண்டரில் குறித்த நேரமும் நகர்ந்திருக்கலாம், அதனால் டிக்கெட்டில் அச்சிட்டதையே நம்பினோம். காலையில் நிதானமாகப் போய்ச் சேர்ந்தோம்.

கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்புக்கும் அதே அமைப்பு போதும். மான்யுமென்ட் வேலி போகிறவர்கள் மட்டும் கோடையில் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள், அங்கே நவாஹோ நேரம்.