கிருஷ்ணதேவராயர் சபைக்கு ஒரு காலப்பயணக் கதை: முதல்முறை எழுதுபவர்களுக்கு

காலப்பயணி ஒருவனை விஜயநகரத்துக்கு அனுப்பிக் கதை எழுத ஆசைப்பட்டு நான்கு மாதம் முட்டி மோதினேன். கதை முடிந்துவிட்டது. நான் சிக்கிக்கொண்ட இடங்களில் நீங்களும் சிக்க வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். கதைக்கரு, பாத்திரம், உரையாடல் எல்லாம் உங்களுக்குக் கைவரும் என்றே எடுத்துக்கொள்கிறேன். ராயரின் சபைக்குள் கால் வைக்கும் வழியை மட்டும் சொல்கிறேன்.

படி 1: யாருடைய கண்ணால் பார்ப்பது?

ராயர் ஆண்டது 1509 முதல் 1529 வரை. டொமிங்கோ பாயஸ் என்ற போர்த்துகீசியர் அந்தக் காலத்தில் நகரத்துக்கு வந்து, அரசரை நேரில் கண்டு, கண்டதை எழுதி வைத்தார். ஃபெர்னாவ் நூனிஸ் சில ஆண்டுகள் கழித்து, ராயருக்குப் பின் ஆண்ட அச்சுதராயர் காலத்தில் எழுதினார். இரண்டு குறிப்புகளையும் ராபர்ட் சிவெல் 1900-இல் தன் நூலோடு ஆங்கிலத்தில் வெளியிட்டார். காப்புரிமை முடிந்த நூல், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. போருக்கு நூனிஸ் நல்லவர். சபைக்குப் பாயஸை விட்டால் ஆளில்லை.

தெனாலிராமன் வேண்டுமா என்று கேட்பீர்கள். அவர் ராயர் சபையில் இருந்தாரா என்பதே ஆய்வாளர்களிடம் விவாதமாக இருக்கிறது. அதைவிட, அவர் வந்துவிட்டால் கதை அவருடையதாகிவிடும், உங்கள் பயணி ஓரமாக நிற்பான். முதல் கதையில் வேண்டாம். புலவர் வேண்டுமென்றால் அல்லசானி பெத்தனா இருக்கிறார்.

படி 2: நாள் குறிப்பது

என்னை இரண்டு வாரம் நிறுத்தி வைத்தது இந்தப் படிதான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மகாநவமி விழா, அதாவது நவராத்திரி, செப்டம்பர் 12 அன்று தொடங்கி ஒன்பது நாள் நடப்பதாகப் பாயஸ் எழுதுகிறார். நவராத்திரி அமாவாசையை அடுத்துத் தொடங்குவது. அந்தக் கணக்கு 1520-க்குப் பொருந்துகிறது. சரி, பயணி இறங்கும் முதல் இரவில் வானம் எப்படி இருந்தது என்று பார்க்கலாம் என ஓர் இணையக் கணிப்பானில் 1520 செப்டம்பர் 12 என்று போட்டேன். முன்னிரவு கழிந்ததும் பெரிய தேய்பிறை நிலா எழும்பும் என்றது. நவராத்திரி முதல் நாளில் தேய்பிறையா? பாயஸ் தவறாக எழுதிவிட்டார் என்றே நினைத்தேன்.

தவறு பாயஸிடம் இல்லை. நாம் இன்று வைத்திருப்பது கிரிகோரியன் நாட்காட்டி. அது 1582-இல்தான் வந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 4-க்கு மறுநாளையே அக்டோபர் 15 என்று வைத்தார்கள். பாயஸ் எழுதியது அதற்கு முந்தைய ஜூலியன் தேதி. 16-ஆம் நூற்றாண்டில் இரண்டுக்கும் 10 நாள் வித்தியாசம். நான் பயன்படுத்திய கணிப்பான் இன்றைய நாட்காட்டியையே பின்னோக்கி நீட்டிக்கொண்டு போயிருக்கிறது. அதில் செப்டம்பர் 22 என்று போட்டிருக்க வேண்டும்.

அப்புறம் எந்த நாளின் வானத்தையும் வரைந்து காட்டும் ஸ்டெல்லேரியம் என்ற மென்பொருளுக்கு மாறினேன். அங்கே அடுத்த குழி. பத்து நாள் கூட்டிப் பழகிவிட்டதால் அதிலும் 22 என்று போட்டேன். இப்போது பாதிக்கு மேல் வளர்ந்த நிலா வந்தது. ஸ்டெல்லேரியம் 1582-க்கு முந்தைய தேதிகளைத் தானாகவே ஜூலியனாக எடுத்துக்கொள்ளும். பாயஸின் தேதியை அப்படியே 12 என்று போட்டால் போதும். இடத்துக்கு ஹம்பி, விஜயநகரத்தின் இடிபாடுகள் இருக்கும் ஊர். நிலவில்லாத இருட்டு வானம் வரும். அந்த இருட்டில்தான் தீவட்டிகளும் வாணவேடிக்கையும் எடுபடும். என் கதையின் முதல் பத்தி அங்கிருந்து கிடைத்தது.

கணினியிலேயே செய்யுங்கள். கைபேசிச் செயலிகளில் பழைய தேதிக்குப் போவது எனக்கு ஒத்துவரவில்லை. பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்கு: அது சகம் 1442, விக்கிரம ஆண்டு.

(சேர்க்கை: ராயர் பீஜப்பூர் சுல்தானை வென்ற ராய்ச்சூர் போர் சனிக்கிழமை நடந்ததாகச் சொல்கிறார்கள், எனக்கு 1520 மே 19 புதன்கிழமை என்று வருகிறதே என ஒருவர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார். அவர் பைத்தான் என்ற நிரல்மொழியில் கணக்கிட்டிருக்கிறார். அதுவும் இன்றைய நாட்காட்டியைப் பின்னோக்கி நீட்டும் கருவிதான். அன்று உண்மையில் சனிக்கிழமை. இதையே சோதனையாக வைத்துக்கொள்ளலாம்: உங்கள் கருவி 1520 மே 19-ஐ சனி என்றால் தேதியை அப்படியே போடுங்கள், புதன் என்றால் 10 கூட்டுங்கள்.)

படி 3: உள்ளே நுழைப்பது

துங்கபத்திரையைப் பரிசலில் கடக்க விடுங்கள். பிரம்பில் பின்னி வெளியே தோல் போர்த்திய வட்டப் பரிசல்களைப் பாயஸ் சொல்கிறார். பதினைந்து இருபது பேர் ஏறுவார்களாம், குதிரையும் மாடும்கூட. ஹம்பியில் இன்றும் பரிசல் ஓடுகிறது. ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அரசர் இருக்கும் இடத்தில் எல்லோருக்கும் வெறுங்கால்தான். உங்கள் பயணி ஷூ போட்டு வந்திருந்தால் அதை எங்கே விட்டான் என்று எழுதியாக வேண்டும். பெரியவர்கள் உடுத்தியது கபாயி என்ற நீண்ட சட்டை, தலையில் குல்லாயி என்ற உயரமான தொப்பி. திருமலையில் இருக்கும் ராயரின் உலோகச் சிலையில் அந்தத் தொப்பியைப் பார்க்கலாம். நாடகக் கிரீடத்தை மறந்துவிடுங்கள்.

ராயர் விழாவைப் பார்த்த மகாநவமி மேடையில் இன்று மிஞ்சியிருப்பது கல் மட்டுமே. மேலே இருந்த மரக் கட்டுமானம் போய்விட்டது. புகைப்படத்தைப் பார்த்து எழுதினால் இடிபாட்டைத்தான் எழுதுவீர்கள்.

படி 4: சாப்பாடு

காரத்துக்கு மிளகு. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை, அவற்றை ராயரின் அடுக்களையில் வைக்காதீர்கள்.

(சேர்க்கை: சந்தைக் காட்சியில் நான் வேர்க்கடலை விற்கும் பாட்டியை வைத்திருந்ததை ஒரு வாசகி பிடித்துவிட்டார். அதுவும் அங்கிருந்து வந்ததுதான். முந்திரி, கொய்யா, பப்பாளி, மக்காச்சோளமும் அப்படியே. பாட்டி இப்போது மாதுளை விற்கிறாள். அந்த வாசகிக்கு என் நன்றி.)

படி 5: அரசர் முன்னால்

விடியுமுன் எழுந்து ஏறக்குறைய இரண்டு டம்ளர் நல்லெண்ணெய் குடிப்பார். உடம்பெல்லாம் அதே எண்ணெய் தேய்த்து, மண்ணால் செய்த பாரங்களைத் தூக்கி, வாள் சுழற்றி, எண்ணெய் வியர்வையாய் வெளியேறும்வரை பயிற்சி. பிறகு மல்யுத்தம், பிறகு குதிரை. நடுத்தர உயரம், கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்பு, முகத்தில் அம்மைத் தழும்பு. எப்போதும் மலர்ந்த முகம், ஆனால் திடீரென்று பொங்கும் கோபம். இவ்வளவும் பாயஸ் கொடுத்தது. இதற்கு மேல் ஒரு கதாசிரியருக்கு என்ன வேண்டும்?

பயணி கைபேசியைக் காட்டி அசத்தும் காட்சி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பாயஸோடு போன கிறிஸ்டோவாவ் டி ஃபிகுயரெடோ கொண்டுவந்த ஆர்கன் வாத்தியங்களைக் கண்டு ராயர் மிகவும் மகிழ்ந்தார். புதுமையைக் கண்டு மிரளும் ஆள் இல்லை அவர், ரசிப்பவர்.

என் பயணி தமிழன், தெலுங்கு தெரியாது. பேச்சை எப்படித் தொடங்குவது என்று பல நாள் யோசித்தேன். தெலுங்கில் ராயர் எழுதிய ஆமுக்தமால்யதா, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கதை. பயணி வெறுங்காலோடு நின்று, சிறுவயதில் பாட்டி சொல்லிக்கொடுத்த ஒரு திருப்பாவைப் பாசுரத்தைச் சொன்னான். ராயர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.