ஹோம் தியேட்டரில் சத்தம் விட்டு விட்டு வருகிறதா?

படம் ஓடிக்கொண்டே இருக்கும், வசனம் மட்டும் ஒரு நொடி காணாமல் போகும். மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் ஒன்றைக் கவனியுங்கள். எல்லா ஸ்பீக்கரும் சேர்ந்து அடங்குகிறதா, ஒன்று மட்டுமா?

ஒன்று மட்டும் என்றால் பெரும்பாலும் வயர்தான். திருவான்மியூரில் எங்கள் வீடு கடலுக்குப் பக்கம். உப்புக்காற்றில் செம்புக் கம்பியின் நுனி பச்சை பூத்துவிடுகிறது. ஆம்ப்பை (ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிஃபையர் பெட்டி) அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, கெட்டுப்போன நுனியை வெட்டினேன். புதிதாக ஒரு சென்டிமீட்டர் மேலுறையைச் சீவி, நன்றாக முறுக்கிச் செருகியதும் சரியானது. ஒரு இழைகூடப் பக்கத்து முனையைத் தொடக் கூடாது. தொட்டால் ஷார்ட் ஆகும், பல ஆம்ப்கள் தானாகவே அணைந்துவிடும்.

மொத்தமாக அடங்கினால், டிவியிலிருந்து ஆம்ப்புக்குப் போகும் எச்டிஎம்ஐ கேபிளை மாற்றிப் பாருங்கள். டிவியில் ஏஆர்சி (டிவியின் சத்தத்தை ஆம்ப்புக்கு அனுப்பும் வழி) அல்லது அதன் புதிய வடிவமான இஏஆர்சி என்று எழுதிய போர்ட்டில்தான் அது இருக்க வேண்டும். அப்போதும் தொடர்ந்தால், டிவி செட்டிங்ஸில் ஆடியோ அவுட்புட்டை பிசிஎம் ஆக்குங்கள். டால்பி போலச் சுருக்காமல் அப்படியே அனுப்பும் ஒலி அது. சாதாரண ஏஆர்சியில் இது வெறும் ஸ்டீரியோதான், 5.1 எனப்படும் சுற்றொலி கிடைக்காது. ஆனால் சத்தம் சீரானால், கோளாறு டால்பி சிக்னல் போகும் வழியில் என்று புரிந்துவிடும்.

புளூடூத் சவுண்ட்பாரா? அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் ஒரே அலைவரிசை. ரூட்டரைத் தள்ளி வையுங்கள்.

ஒரு மணி நேரம் ஒழுங்காகப் பாடிவிட்டு அப்புறம் மக்கர் செய்தால் பெரும்பாலும் சூடுதான் காரணம். மே மாதத்தில் எங்கள் ஆம்ப் அப்படித்தான் படுத்தியது. தூசு படியாமலிருக்க அம்மா அதன் தலையில் பூவேலை செய்த துணி போர்த்தியிருந்தார்.